கழிவுக் கணக்கு: தொழிற்சாலையில் புதிதாகப் பொறுப்பேற்பவர் எங்கே தொடங்குவது?

தொழிற்சாலையின் கழிவுப் பொறுப்புக்குப் புதிதாக வருபவரிடம் முதல் நாளில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் சென்ற ஆண்டின் அறிக்கையும் அதற்காக எண்களைத் திரட்டிய எக்செல் கோப்பும்தான். கோப்பைத் திறந்து அதே கட்டங்களில் இந்த ஆண்டின் எண்களை நிரப்பத் தோன்றும். ஒரு வாரம் அதைத் தள்ளிவையுங்கள். அறிக்கையில் அச்சாகும் ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் ஓர் எடைச்சீட்டு இருக்க வேண்டும். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு பேரலோ மூட்டையோ தொட்டியோ இருக்க வேண்டும். யாராவது ஓர் எண்ணைத் தொட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், அந்தப் பேரல் நின்ற இடம்வரை அவரை அழைத்துப் போக முடிய வேண்டும். இங்கே சொல்லப்போகும் எல்லாம் அந்த வழியைப் போடுவதற்கான வேலைகள்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

மூலப்பொருள் இறங்கும் இடத்தில் தொடங்கி, முடிந்த சரக்கு லாரியில் ஏறும் இடம்வரை நடக்க வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் மூன்று கேள்விகள்: உள்ளே என்னென்ன போகிறது, பொருளாக என்ன வெளிவருகிறது, அதைத் தவிர வேறு என்ன வெளிவருகிறது? மூன்றாவது கேள்விக்கு மேற்பார்வையாளர் சொல்லும் பதிலைவிட இயந்திரத்தை ஓட்டுபவர் சொல்லும் பதில் நீளமாக இருக்கும். துப்புரவுப் பணியாளர் சொல்வது அதைவிட நீளம். இரவு ஷிப்டிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் தனித்தனி தொட்டிகளுக்குப் போகிற பொருள்கள் இரவில் ஒரே தொட்டிக்குப் போவது உண்டு.

எது கழிவு என்ற கேள்வி முதல் மணிநேரத்திலேயே எழுந்துவிடும். அபாயகரமான கழிவுகள் எல்லை கடப்பதை முறைப்படுத்த 1989-இல் உருவான பாசெல் உடன்படிக்கை தரும் வரையறை நடைமுறைக்குக் கைகொடுக்கும். அகற்றப்படுவது, அகற்றும் எண்ணத்துடன் வைத்திருப்பது, அகற்றியாக வேண்டும் என்று சட்டம் சொல்வது, இந்த மூன்றும் கழிவு. விற்றால் பணம் வருகிறது என்பதற்காக ஒரு பொருள் கழிவு இல்லை என்று ஆகிவிடாது. உலோகச் சீவலை நல்ல விலைக்கு விற்கும் ஆலைகள் அதைக் கழிவுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதும், பிறகு மறுசுழற்சி விழுக்காட்டைக் காட்டும்போது மட்டும் சேர்த்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிற கூத்து. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதன்படியே நடக்க வேண்டும்.

பிளாஸ்டிக் வார்ப்பில் மிஞ்சும் துண்டுகளை அரைத்து அதே இயந்திரத்தில் மறுபடி கொட்டினால் அது கழிவா என்றும் கேட்பார்கள். உற்பத்திச் சுற்றிலேயே உடனே திரும்பிவிடுவதைப் பெரும்பாலும் கழிவாக எண்ணுவதில்லை. ஆனால் உங்கள் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த முடிவும் எழுத்தில் இருக்கட்டும்.

உற்பத்திக் கூடத்தைப் பார்த்தாயிற்று என்று நின்றுவிடக் கூடாது. கணக்கில் விடுபடுபவை வேறு இடங்களில் கிடக்கின்றன. பராமரிப்புப் பிரிவில் எண்ணெய் தோய்ந்த துணி, பழைய வடிகட்டிகள், ஈய அமில பேட்டரிகள், பாதரசம் உள்ள குழல் விளக்குகள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு. தூசு உறிஞ்சியின் அடியில் தேங்கும் தூள். ஆய்வகத்தில் காலாவதியான வேதிப்பொருள்கள். மருத்துவ அறையில் ஊசிகள். ஸ்டோர்ஸின் கடைசி அலமாரியில், யாரும் தொடாமல் கெட்டியாகிப்போன பெயின்ட் டப்பாக்கள்; சரக்குக் கையிருப்பில் சொத்தாக நிற்கும் இவை உண்மையில் கழிவாகிப் பல மாதம் ஆகியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பராமரிக்கும்போது தொட்டிகளின் அடியிலிருந்து வழித்தெடுப்பதும் உண்டு. பதினோரு மாதம் கண்ணில் படாமல் இருந்து ஒரே வாரத்தில் மலையாகக் குவியும்.

நடந்து முடிந்ததும் ஒரு பதிவேடு போடுங்கள். ஒரு கழிவுக்கு ஒரு வரி. பெயர், பிறக்கும் இடம், எந்தச் செயல்முறையிலிருந்து, திடமா திரவமா கசடா, அபாயகரமானதா, எந்தக் கலனில், மாதத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு, யார் எடுத்துப் போகிறார், கடைசியில் அது என்ன ஆகிறது. கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத வரிகளைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் வேலைப் பட்டியல் அதுதான்.

அபாயகரமானதா என்பதைத் தீர்மானிப்பது

இந்த முடிவை ஊகத்தில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டின் விதிகளிலும் பட்டியல் ஒன்று இருக்கும். முதலில் அதில் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் குணத்தைப் பார்க்க வேண்டும்: எளிதில் தீப்பற்றுமா, அரிக்குமா, வேறொன்றுடன் சேர்ந்தால் வினைபுரியுமா, நச்சா? இவற்றுக்கு எண்ணளவில் எல்லைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, அமெரிக்க விதிகளில் தீப்பற்று நிலை (ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை) 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள திரவக் கழிவும், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2 அல்லது அதற்குக் கீழும் 12.5 அல்லது அதற்கு மேலும் உள்ள நீர்மக் கழிவும் அபாயகரமானவை.

வாங்கிய வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 13-ஆம் பிரிவு அகற்றும் முறையைப் பற்றியது. பயனுள்ளதுதான். ஆனால் அந்தத் தாள் புதிய பொருளைப் பற்றிப் பேசுகிறது, பயன்படுத்தி முடித்ததைப் பற்றி அல்ல. வெட்டும் எண்ணெய் இயந்திரத்துக்குள் போகும்போது வெறும் எண்ணெய். வெளியே வரும்போது உலோகத் துகள்களும், இயந்திரத்தின் பிற கசிவுகளும் அதில் கலந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வுக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்குபவர்கள், தவறாக வகைப்படுத்திய ஒரு லாரி திரும்பி வந்தால் ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

பிறக்கும் இடத்திலேயே பிரித்தல்

கழிவு மேலாண்மையில் செலவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே சற்று அதிக நேரம் செலவிடுவது நியாயம். பல நாடுகளில், அபாயகரமான கழிவை மற்றதோடு கலந்துவிட்டால் மொத்தமும் அபாயகரமானதாகவே கருதப்படும். ஒரு கைப்பிடி கரைப்பான் தோய்ந்த துணி, தொட்டி நிறைய அட்டைப் பெட்டிகளின் விதியை மாற்றிவிடலாம். உலோகத்திலும் அப்படித்தான். அலுமினியச் சீவலும் எஃகுச் சீவலும் தனித்தனியே இருந்தால் இரண்டுக்கும் விலை உண்டு. கலந்துவிட்டால் வாங்குபவர் தன் விருப்பத்துக்கு விலை சொல்வார்.

செலவைவிட முக்கியமானது உயிர். முலாம் பூசும் பிரிவில் சயனைடு கரைசலின் மிச்சமும் அமிலக் கழிவும் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். வெளுப்புக் கரைசலில் அமிலம் பட்டால் குளோரின். நுண்ணிய அலுமினியத் தூள் ஈரமானால் ஹைட்ரஜன் கிளம்பி மூடிய கலனை உப்ப வைக்கும். ஆளி விதை எண்ணெய் போன்று காயும் எண்ணெய்கள் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், எந்தப் பொறியும் இல்லாமலே உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கும். அவற்றை மூடியுள்ள உலோகத் தொட்டியில்தான் போட வேண்டும். லித்தியம் பேட்டரி ஒன்று சாதாரணக் குப்பையோடு போய் நசுங்கினால் லாரியே எரியக்கூடும். எதை எதோடு வைக்கக் கூடாது என்ற அட்டவணையைச் சேமிப்புக் கூடத்தின் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.

தொட்டிகளை எங்கே வைப்பது? கழிவு உருவாகும் இடத்திலிருந்து சில அடிகளுக்குள். தொட்டி தூரத்தில் இருந்தால், கையில் இருப்பதை ஆள் அருகிலுள்ள தொட்டியில்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறம் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த நிறங்களின் பொருளும் தெரியாது. தொட்டிக்கு மேலே, அதில் போட வேண்டிய பொருளின் புகைப்படத்தை ஒட்டுவது எந்த வகுப்பையும்விட நன்றாக வேலை செய்யும்.

சேமித்தல்

கூரை, கசியாத தரை, சுற்றிலும் தடுப்பு. உள்ளே இருக்கும் மிகப் பெரிய கலன் முழுதும் கொட்டினாலும் தாங்குமாறு, அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்கக்கூடிய தடுப்பு வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு பேரலிலும் உள்ளே இருப்பதன் பெயர், அபாயக் குறி, நிரப்பத் தொடங்கிய தேதி. தேதி எதற்கு என்றால், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் வரம்பு உண்டு. 90 நாள் என்பது அடிக்கடி காணப்படும் ஒன்று. வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கையெழுத்திடும் தாள் ஒன்று சுவரில் தொங்கட்டும்.

எடை போடுதல்

அறிக்கையின் நம்பகத்தன்மை எடைமேடையில் நிற்கிறது. "ஒரு பேரல் என்றால் 200 கிலோ" என்று கணக்கெழுதும் பழக்கம் பல ஆலைகளில் உண்டு. 200 என்பது அந்தப் பேரலின் கொள்ளளவு, லிட்டரில். பல கரைப்பான்கள் நீரைவிட லேசானவை, உலோகக் கசடு நீரைவிடக் கனமானது. இரண்டையும் ஒரே எடையில் எழுதினால் இரண்டும் தவறு. வெளியேறும் ஒவ்வொரு சுமையையும் எடை போடுவதே சரி. முடியாத சிறு கழிவுகளுக்கு, பத்துக் கலன்களை எடை போட்டுச் சராசரி எடுத்து, அந்தச் சராசரி எப்போது எப்படி எடுக்கப்பட்டது என்று எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பதிவேட்டில் "எடை போட்டது", "மதிப்பிட்டது" என்று ஒரு கட்டம் இருந்தே ஆக வேண்டும்.

அலகிலும் கவனம் வேண்டும். மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் ஏறத்தாழ 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் ஏறத்தாழ 1,016 கிலோ. பல நாடுகளில் ஆலைகள் உள்ள நிறுவனத்தில் இந்த மூன்றும் ஒரே கோப்பில் கலந்து கிடக்க வாய்ப்பு உண்டு.

கசடு தனிக்கதை. 80 விழுக்காடு நீர் உள்ள 100 கிலோ கசடில் திடப்பொருள் 20 கிலோதான். வடிகட்டும் அழுத்தக் கருவியில் பிழிந்து நீரை 60 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால், அதே 20 கிலோ திடப்பொருள் இப்போது 50 கிலோ கசடாக வெளியே போகிறது. எடை பாதியாகிவிட்டது, அகற்றும் கட்டணமும் குறையும், நல்ல முதலீடுதான். ஆனால் அறிக்கையில் "கசடை 50 விழுக்காடு குறைத்தோம்" என்று மட்டும் எழுதுவது வாசிப்பவரை ஏமாற்றுவது. உள்ளே உள்ள உலோகம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வாசலைத் தாண்டிய பிறகு

கழிவு லாரியில் ஏறியதோடு பொறுப்பு இறங்கிவிடுவதில்லை. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்ற கைவிடப்பட்ட கால்வாயில் 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் புதைக்கப்பட்ட வேதிக் கழிவு, பின்னர் அதன்மேல் எழுந்த குடியிருப்புகளுக்குள் கசிந்து, 1978-இல் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அதைத் தொடர்ந்து 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், நிலத்தின் உரிமையாளரோடு நிற்காமல், கழிவை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தவரையும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாக்கியது. பல நாட்டுச் சட்டங்கள் இன்று இதே திசையில்தான் இருக்கின்றன.

அதனால் கழிவை எடுத்துப் போகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். உரிமம் நடப்பில் உள்ளதா? உங்கள் வகைக் கழிவு அந்த உரிமத்தில் இருக்கிறதா? அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டு அளவு எவ்வளவு? மூன்றாவதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. ஆண்டுக்கு 500 டன் கையாள அனுமதி பெற்றவரிடம் நீங்கள் மட்டுமே 450 டன் அனுப்பினால், அவருடைய மற்ற வாடிக்கையாளர்களின் கழிவு எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். பின்பக்கத்து முற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அபாயகரமான கழிவு ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் ஒரு பயண ஆவணம் உடன் போகும். அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர் என மூவரும் கையெழுத்திட்டு, பெற்றவரின் பிரதி உங்களிடம் திரும்பி வர வேண்டும். வராத பிரதி என்பது வந்துசேராத லாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய எடையும் பெற்ற எடையும் பொருந்துகின்றனவா என்று அன்றே ஒப்பிடுங்கள். மழையில் நனைந்த சுமையில் சிறு வேறுபாடு இருக்கலாம். மூடிய பேரல்களில் பெரிய வேறுபாடு இருந்தால் தொலைபேசியை எடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் வேலை பல மடங்கு. 1988-இல் இத்தாலியிலிருந்து நைஜீரியாவின் கோகோ என்ற ஊருக்கு நச்சுக் கழிவுப் பேரல்கள் அனுப்பப்பட்டு ஒருவரின் வீட்டு வளாகத்தில் குவிக்கப்பட்டது உலகச் செய்தியானது. மறு ஆண்டே ஏற்கப்பட்ட பாசெல் உடன்படிக்கை, பெறும் நாடு முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்காமல் அபாயகரமான கழிவை அனுப்பக் கூடாது என்கிறது. 2021-இலிருந்து பல வகைப் பிளாஸ்டிக் கழிவுகளும், 2025-இலிருந்து அபாயமற்றவை உட்பட மின்னணுக் கழிவுகள் எல்லாமும் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன.

கணக்கைச் சரிபார்த்தல்

அறிக்கை எழுதுவதற்கு முன் இரண்டு சமன்பாடுகள் பொருந்த வேண்டும்.

முதலாவது, கிடங்குக் கணக்கு. தொடக்க இருப்பு 4 டன், ஆண்டில் உருவானது 30 டன், வெளியே போனது 31 டன் என்றால் மீதம் 3 டன் இருக்க வேண்டும். போய் எடை போட்டால் 2 டன்தான் இருக்கிறது என்றால் ஒரு டன்னைத் தேட வேண்டும். "உருவானது", "அனுப்பியது" இரண்டும் ஒரே எண் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

இரண்டாவது, பொருள் சமநிலை. ஓர் உலோகத் தகடு வெட்டும் ஆலை 100 டன் தகடு வாங்கியது. 71 டன் பொருளாகப் போனது, 26 டன் ஸ்கிராப்பாக விற்கப்பட்டது, கையிருப்பு 1 டன் கூடியது. மீதி 2 டன் எங்கே? எடையில் பிழை, பதிவில் விடுபட்டது, இல்லை திருட்டு. கரைப்பான்களில் இந்தச் சமன்பாடு இன்னும் சுவையானது. வாங்கியது பத்துப் பேரல், கழிவாகத் திரும்பியது ஆறு, பொருளில் எதுவும் தங்கவில்லை என்றால் நான்கு பேரல் காற்றில் கலந்திருக்கிறது. அது கழிவு அறிக்கையில் வராது. ஆனால் காற்று மாசுக் கணக்கிலும் தொழிலாளர் நலக் கணக்கிலும் வந்தாக வேண்டும்.

மேலாளரின் கவனத்தைத் திருப்ப வேண்டுமானால் பண மதிப்பையும் சேருங்கள். அகற்றும் கட்டணத்தை மட்டும் கழிவின் செலவாகப் பார்ப்பது வழக்கம். அந்தக் கழிவுக்குள் இருக்கும் மூலப்பொருளின் விலை, அதை உருக்கவும் வெட்டவும் ஆன மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஐ.எஸ்.ஓ. 14051 என்ற தரம் 2011-இல் வகுத்துத் தந்தது. அப்படிக் கணக்கிட்டால் வரும் தொகை பெரும்பாலும் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கும். கழிவைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கிடைப்பது அந்தத் தொகையைக் காட்டும்போதுதான்.

அறிக்கை எழுதுதல்

இருவருக்கு எழுதுகிறோம்: அரசுக்கு, பொதுமக்களுக்கு. அரசுக்கான படிவத்தில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. அதன் வகைப்பாட்டை அப்படியே பின்பற்றுங்கள். பொதுமக்களுக்கான நிலைத்தன்மை அறிக்கைக்குப் பரவலாகப் பயன்படுவது, இத்தகைய அறிக்கைகளுக்குத் தரங்களை வகுக்கும் ஜி.ஆர்.ஐ. (Global Reporting Initiative) அமைப்பின் 306-ஆம் தரம். அதன் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு ஐந்து பகுதிகளைக் கேட்கிறது. முதல் இரண்டும் எழுத்தில் விளக்க வேண்டியவை: கழிவு எங்கே ஏன் உருவாகிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள். மற்ற மூன்றும் எண்கள்: மொத்தம் உருவானது, மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் போனது, எரிக்கவும் புதைக்கவும் போனது. அபாயகரமானது, அல்லாதது என்ற பிரிவும், ஆலைக்குள்ளேயா வெளியிலா என்ற பிரிவும் தேவை.

புதியவர்கள் இடறும் இடம் எரித்தல். எரித்து மின்சாரமோ வெப்பமோ எடுத்தால் அதைப் பல நாட்டுச் சட்டங்கள் "மீட்பு" என்கின்றன. ஜி.ஆர்.ஐ. 306 அதை அகற்றல் பக்கத்தில் வைக்கிறது. ஒரே டன், இரண்டு அறிக்கைகளில் இரண்டு பக்கங்களில் நிற்கும். பதிவேட்டில் "மறுசுழற்சி", "அகற்றல்" என்று இரண்டே கட்டம் போட்டு வைத்தவர்கள் ஆண்டு இறுதியில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உருக்கியது, அரைத்தது, எரித்து ஆற்றல் எடுத்தது, வெறுமனே எரித்தது, புதைத்தது என்று நுணுக்கமாகப் பதிந்து வைத்தால் எந்தப் படிவத்துக்கும் கூட்டித் தரலாம். கழிவுநீரை ஜி.ஆர்.ஐ. கழிவுக் கணக்கில் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடு உண்டு, நீர் இல்லை. பசுங்குடில் வாயுக் கணக்கு எழுதும் சக ஊழியரும் உங்கள் எண்களைக் கேட்டு வருவார். ஆலையின் கழிவை வெளியார் கையாளும்போது எழும் உமிழ்வு அவருடைய மூன்றாம் வட்டக் கணக்கில் (ஸ்கோப் 3, அதாவது நிறுவனத்துக்கு வெளியே பிறர் கையில் எழும் உமிழ்வுகள்) ஐந்தாவது இனம். இருவரும் ஒரே பதிவேட்டிலிருந்து எடுங்கள்.

மொத்த டன்னையும், ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை கிலோ கழிவு என்பதையும் சேர்த்தே கொடுங்கள். உற்பத்தி சரிந்த ஆண்டில் மொத்தம் தானாகக் குறையும். அதைச் சாதனையாகக் காட்டுவது பழைய தந்திரம். விகிதத்தை மட்டும் காட்டுவதும் அதேபோல் ஒரு மறைப்புதான்.

"நிலநிரப்புக்குச் சுழியம்", அதாவது எந்தக் கழிவையும் மண்ணில் புதைக்க அனுப்பவில்லை என்ற வாசகத்தை விளம்பரப் பிரிவு கேட்கும். சில சான்றளிப்புத் திட்டங்கள் கழிவில் 90 விழுக்காட்டைப் புதைக்காமல் வேறு வழிக்குத் திருப்பிவிட்டாலே அந்தத் தலைப்பின் கீழ் ஒரு படிநிலையைத் தருகின்றன. எரித்தது அதில் எவ்வளவு, மறுசுழற்சியாளரிடம் மிஞ்சிய குப்பை எங்கே போனது என்று விளக்க முடியாதவரை அந்த வாசகத்துக்குக் கையெழுத்திடாதீர்கள்.

கணக்கீட்டு முறையையும் அறிக்கையிலேயே ஒரு பத்தியில் எழுதுங்கள்: எந்தெந்த ஆலைகள் சேர்ந்தன, எத்தனை விழுக்காடு எடை போட்டது, எவ்வளவு மதிப்பீடு, எது விடுபட்டது. வெளியான பின் பிழை தெரியவந்தால் அடுத்த ஆண்டு அறிக்கையில் பழைய எண், திருத்திய எண், காரணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். எவ்வளவு பெரிய பிழைக்குத் திருத்தம் வெளியிடுவது என்ற வரம்பை, உதாரணத்துக்கு ஐந்து விழுக்காடு என்று, பிழை வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. வந்த பிறகு அந்த வரம்பு எப்போதும் சற்று மேலே நகரும்.